2006 மாருதி 800: ஸ்டியரிங் அடிப்பாகம் முழுக்கத் துரு, எதையெல்லாம் மாற்றுவது?

உப்பளத்தான்

வணக்கம். தூத்துக்குடியில் அப்பா ஓட்டிய 2006 மாருதி 800 இப்போது என் கையில் இருக்கிறது. உப்பளம் பக்கம் வீடு, ஷெட் கிடையாது, வேப்பமரத்தடியிலேயே நின்ற வண்டி. என்ஜினைக் குறை சொல்ல முடியாது, தொந்தரவெல்லாம் ஸ்டியரிங்கில்தான். திருப்பும்போது ஒரு இடத்தில் கெட்டியாகவும் அடுத்து லேசாகவும் மாறி மாறி இருக்கிறது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் தானாக நேராக வருவதில்லை. பள்ளத்தில் இறங்கினால் இடது பக்கம் டக் டக் என்று சத்தம்.

குனிந்து பார்த்தால் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனை மூட்டு) இரண்டிலும், அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட் எது, ராட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் துரு. இடது பக்க ரேக் பூட் (ஸ்டியரிங் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல் தண்டான ரேக்கை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது. ஒரு மெக்கானிக் ரேக்கோடு மொத்தமாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் கிரீஸ் அடித்தால் போதும் என்கிறார். ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓவில் காட்ட வேண்டிய நேரமும் நெருங்குகிறது. எது அவசியம், எது வீண் செலவு?

கிண்டி பட்டறை

தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்), ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். டயர் தரையில் இல்லாதபோதும் கெட்டியாக இருந்தால் கோளாறு ரேக்கிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது.

நீங்கள் சொல்லும் "மாறி மாறி" என்பதுதான் முக்கியம். ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு தடவை கெட்டியாகி இரண்டு தடவை லேசானால் அது பெரும்பாலும் ரேக் இல்லை, ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் இருக்கும், மடங்கும் இணைப்பான யூ ஜாயிண்ட் துருவில் இறுகியிருக்கிறது. கடலோர வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். தானாக நேராக வராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சந்தேகம் தீர, ஜாயிண்டும் பினியன் தண்டும் (ரேக்கை நகர்த்தும் சிறு பல்சக்கரத் தண்டு) சேரும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிளாம்ப் போல்ட்டைக் கழற்றிப் பிரியுங்கள். இப்போது ஜாயிண்டைக் கையால் நாலு பக்கமும் மடக்கிப் பாருங்கள், பினியனையும் தனியாகத் திருப்பிப் பாருங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. 800-இல் ஏர்பேக் இல்லாததால், ஸ்டியரிங் சுற்றி அதன் ஒயர் அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஆனால் நடுவில் வைத்துக் கட்டிவிடுவது நல்லது.

அடுத்து டயரை இடது வலது ஓரங்களில் பிடித்து ஆட்டுங்கள், வேறொருவர் டை ராட் எண்டில் விரலை வைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் எண்ட் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் மூட்டு) அல்லது வீல் பேரிங். டக் டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் பாதி தெரிந்துவிடும்.

புதுப்பேட்டை வாசி

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கழற்றிய 800 ரேக் கிடைக்கும், புதிதில் பாதி விலைகூட ஆகாது. மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கிண்டி பட்டறை

கதவு, பம்பர், லைட் என்றால் நானே புதுப்பேட்டைக்கு அனுப்புவேன். ஸ்டியரிங்குக்கு மாட்டேன். கழற்றிப் போட்ட ரேக் எந்த விபத்தில் அடிபட்டது, எந்த வெள்ளத்தில் நின்றது என்று யாருக்குத் தெரியும்? டை ராட் எண்ட் புதிதே சில நூறு ரூபாய்தான். கம்பெனி பாகம் வாங்குங்கள், இல்லையென்றால் ரானே போன்ற தெரிந்த பெயராகப் பார்த்து, பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள்.

ரேக்கைப் பொறுத்தவரை, கிழிந்த பூட்டை நகர்த்திவிட்டு ஸ்டியரிங்கை ஒரு கோடி வரை திருப்புங்கள். உள்ளிருந்து வரும் ரேக் தண்டைத் துணியால் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான கறை என்றால் சுத்தம் செய்து, புதிய கிரீஸ், புதிய பூட், கிளிப் போட்டு ஓட்டலாம். நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. உள்ளே இருக்கும் புஷ்ஷை அது அறுத்துக்கொண்டே இருக்கும், அப்போதுதான் ரேக் மாற்ற வேண்டும்.

நாகூர் 800

துரு பிடித்த எண்டைக் கழற்றுவதுதான் பாதி வேலை, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதல் நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊற விடுங்கள். எண்ட் இன்னும் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) மாட்டியிருக்கும்போதே லாக் நட்டை இளக்கிவிட வேண்டும். கழற்றிய பிறகு முயன்றால் ராட் கையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நட் இருக்கும் இடத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு, பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள்.

ஸ்பிளிட் பின் (எண்டின் நட் தளராமல் பூட்டும் கம்பி ஊசி) உள்ளேயே முறிந்து நின்றால் பதற வேண்டாம், அந்த எண்ட் எப்படியும் குப்பைக்குத்தான். நட்டை முழுதாக எடுக்காமல் நுனியில் சில மரை விட்டு வைத்து, நக்கிளின் காதுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து எதிர்ப்பக்கம் இன்னொன்றால் நறுக்கென்று அடியுங்கள், டப்பென்று விட்டுவிடும். மரை இருக்கும் நுனியில் அடித்தால் அது காளான் மாதிரி விரிந்து, பிறகு வெளியே வராது. நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் (நட் ஏறும் எண்டின் மரைத் தண்டு) சுற்றினால், எண்டுக்கு அடியில் ஜாக்கியை வைத்து மெல்ல அழுத்தம் கொடுங்கள், ஸ்டட்டின் கூம்புப் பகுதி (டேப்பர்) பிடித்துக்கொள்ளும்.

எதற்கும் அசையாவிட்டால் கேஸ் வைத்துச் சுடலாம், ஆனால் தூக்கிப் போடப் போகும் எண்டை மட்டும். ராட்டையும் நக்கிளையும் சிவக்கச் சுட்டுவிட்டு அதையே திரும்ப மாட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பளத்தான்

பெரிய உதவி அண்ணா. தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டோம். யூ ஜாயிண்ட் ஒரு திசையில் கையால் மடங்கவே இல்லை, அதைப் பிரித்த பிறகு பினியன் ஒரே சீராகத் திரும்புகிறது. ரேக் தண்டில் நகம் சிக்கவில்லை. ஆட்டம் இடது எண்டில் மட்டும்தான். வலது எண்டை விட்டுவிடலாமா? இன்னொன்று, இங்கே பழைய ஆட்கள் அடிப்பாகம் முழுக்க டீசலும் கழிவு என்ஜின் ஆயிலும் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள், சரியா?

கிண்டி பட்டறை

அப்படியென்றால் குற்றவாளி யூ ஜாயிண்ட்தான், ரேக் செலவு மிச்சம். வலது எண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அதே வயசு, அதே உப்புக்காற்று. தனித்தனியாகச் செய்தால் அலைன்மென்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டும். புதிய எண்டை டைட் செய்யும்போது ஸ்பிளிட் பின் ஓட்டை நட்டின் வெட்டுக்கு நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். அலைன்மென்ட் முடிந்து ஸ்டியரிங் கோணலாக நின்றால் சிலர் ஸ்டியரிங்கையே கழற்றி நேராக மாட்டித் தருவார்கள். அது வேண்டாம், இரண்டு டை ராடையும் சரிசெய்துதான் நேராக்க வேண்டும்.

டீசல், கழிவு ஆயில் கலவையை மட்டும் அடிக்காதீர்கள். தகடு பிழைக்கும், நீங்கள் புதிதாகப் போட்ட பூட், புஷ் எல்லாம் ஊதிப் போய்விடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், லாக் நட் மரை மேல் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.