சிகரெட்டை நிறுத்த உதவி வேண்டும்: நைட் ஷிப்ட் டீ பிரேக்கைத் தாண்ட முடியவில்லை

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலை, வயது 38. கல்லூரி நாளில் பிடித்த பழக்கம், இப்போது தினமும் ஒரு பாக்கெட். கண் விழித்த ஐந்து நிமிடத்தில் முதல் சிகரெட் வேண்டும். மகளுக்கு வீசிங் இருக்கிறது. இந்தத் தடவை விட்டே ஆக வேண்டும்.

ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தும் பார்த்தேன். போன வருடம் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம். எதுவும் மூன்று வாரம் தாண்டவில்லை. புகையிலையை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பொறுமையாகப் பேசினார்கள்: சும்மா மென்றுகொண்டே இருக்காமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், டீ, காபி குடித்து கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக ஏறாது.

இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த 4 மி.கி. சூயிங்கம், இரண்டாவது வாரம். தூக்கம் கெட்டிருக்கிறது, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், வீட்டிலும் சமாளித்துவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணி டீ பிரேக்தான் ஆளைக் கொல்கிறது. கூட வேலை செய்பவர்கள் கடை வாசலில் வரிசையாகப் பற்றவைக்கிறார்கள். கையில் டீ இருப்பதால் சூயிங்கமும் போட முடியாது. போட்டாலும் வேலை செய்ய இருபது நிமிடமாவது ஆகிறது. அதற்குள் பிரேக்கே முடிந்துவிடும்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன். நைட் ஷிப்டில் இருந்துகொண்டே விட்டவர்கள் சொல்லுங்கள்: இந்த நேரத்தைத் தாண்ட உங்களுக்குக் கைகொடுத்தது சூயிங்கத்தோடு தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சும் சேர்த்து ஒட்டியதா, சிகரெட் ஆசையைக் குறைக்கும் வேரெனிக்ளின் மாத்திரையா?