பொருள்: ‘பைண்டிங்’ என்பதற்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தரவின் அமைப்பை விவரிக்கும் ஸ்கீமா கோப்புகளைப் படித்து, அவற்றுக்குரிய நிரலை ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் தானே எழுதித் தரும் ஒரு நிரல்பிறப்பியைப் பற்றிய சீராய்வு அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். மற்ற சொற்களை ஒருவாறு முடித்துவிட்டேன், ‘பைண்டிங்’ ஒன்றுதான் நிற்கிறது. ‘பிணைப்பு’ என்று எழுதிக்கொண்டே போய் நான்காம் பக்கத்தில் இடறினேன். ‘லெட்’ என்று தொடங்கி ஒரு பெயரை ஒரு மதிப்போடு சேர்ப்பதும் ரஸ்டில் பைண்டிங்தான். வேறு மொழியிலோ ஸ்கீமாவிலோ உள்ளதை ரஸ்டிலிருந்து தொடுவதற்கான நிரலும் பைண்டிங்தான். “பிறந்த பிணைப்புகளில் சில பிணைப்புகள் பயன்படாமல் கிடக்கின்றன” என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. படிப்பவருக்கு இது எதையும் சொல்லாது.

அந்தச் சொல் எத்தகைய இடங்களில் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கீமாவில் ‘டைப்’ என்றொரு புலம் இருக்கிறது. அது ரஸ்ட் தன் பயனுக்கென ஒதுக்கிவைத்த சொல்லாதலால் பிறப்பி அதன்முன் ‘ஆர்#’ என்னும் முன்னொட்டைச் சேர்க்கிறது. ஆனால் ‘செல்ஃப்’, ‘சூப்பர்’, ‘கிரேட்’ ஆகியவற்றின்முன் அம்முன்னொட்டை மொழி ஏற்பதில்லை என்பதைப் பிறப்பி கவனிக்கத் தவறியிருக்கிறது. அடுத்து, பிறப்பி தன்னுள் தரவு வகைகளை ஹாஷ்மேப் என்னும் வரிசையற்ற அட்டவணையில் வைத்திருக்கிறது. அதன் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடியது ஆகையால், ஸ்கீமாவில் ஓர் எழுத்துக்கூட மாறாதபோதும் வெளிவரும் கோப்பு மாறுகிறது, பதிப்பு வரலாறு முழுவதும் பொய் மாற்றங்களால் நிறைகிறது. எப்போதும் ஒரே வரிசையில் அடுக்கிவைக்கும் பிட்ரீமேப்புக்கு மாறுங்கள் என்கிறார் சீராய்வாளர். மூன்றாவது, தன்னையே உள்ளடக்கும் வகைக்குப் பாக்ஸ் (மதிப்பை வேறிடத்தில் வைத்து அதைச் சுட்டுவது) இடாமல் நிரல் பிறக்கிறது. அவ்வகையின் அளவுக்கு எல்லையே இல்லாமல் போவதால் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை மறுத்துவிடுகிறது. இம்மூன்றிலும் குற்றம் காணப்படுவது அந்தப் பைண்டிங்கில்தான். ஆகவே ‘லெட்’டிலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் ஒரு சொல் வேண்டும்.

மறுமொழி 1

ஐயா, தேடும் சொல்லை நம் இலக்கணமே வைத்திருக்கிறது: சாரியை.

மரம் என்னும் நிலைமொழியும் ஐ என்னும் உருபும் நேரே கூடுவதில்லை. இடையில் அத்துச் சாரியை வந்து ‘மரத்தை’ என்றாகிறது. பல என்பதோடு ஐ கூடும்போது வற்றுச் சாரியை வந்து ‘பலவற்றை’ என்றாகிறது. ஸ்கீமாவை நிலைமொழியாகவும் ரஸ்டை வருமொழியாகவும் கொண்டால், இரண்டையும் இயைக்க இடையில் பிறக்கும் நிரல் சாரியையே. சார்ந்து இயைவது சாரியை. சார் என்னும் இவ்வேரிலிருந்தே சார்பு வருகிறது; நிரலுலகில் ஒரு தொகுப்பு இன்னொன்றை நம்பியிருப்பதையும் நாம் சார்பு என்றே சொல்லி வருகிறோம்; மலையைச் சார்ந்த பகுதி சாரல். சாரியை வருதலும் தவிர்தலும் விகற்பமும் ஆகும் என்று நன்னூல் கூறுவதை எண்ணிப் பாருங்கள். ஸ்கீமாவில் கட்டாயமான புலம் வரும், நீக்கப்பட்ட புலம் தவிரும், விருப்பப் புலம் ‘ஆப்ஷன்’ என்னும் உறைக்குள் விகற்பமாக நிற்கும். இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

இன்னொன்று: ரகரம் மொழிமுதல் வாராது ஆதலால் ‘இரசுட்டு’ என்றே எழுத வேண்டுகிறேன், அல்லது ‘துரு’ எனலாம்.

மறுமொழி 2

துருவை முதலில் முடித்துவிடுவோம். துரு என்றதும் எவரும் இரும்பைத்தான் நினைப்பார்கள்; மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் அப்பெயருக்குக் காரணமாகச் சொன்னதோ துருப்பூஞ்சையை. சிறப்புப் பெயரை இருந்தபடியே விடுவதுதான் நேர்மை.

சாரியை பற்றி என் மறுப்பு ஆழமானது. சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை என்பது நாம் எல்லோரும் படித்தது. இந்த நிரலுக்கு அப்படியில்லை. பிழைகள் எல்லாம் அதன் பொருளில்தான் பிறக்கின்றன. ஜேசன் என்னும் தரவு வடிவத்துக்கான ஸ்கீமாவில் ‘முழு எண்’ என்று மட்டும் சொன்னால் அதற்கு அளவெல்லை கிடையாது. பிறப்பியோ அதை 32 பிட்டா 64 பிட்டா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவு தவறானால் பெரிய எண் ஒன்று வரும் நாளில் பயன்பாடு நின்றுபோகும். முடிவெடுக்கும் ஒன்றைப் பொருளற்ற இடைச்சொல்லின் பெயரால் அழைத்தால், சீராய்வாளர் அதைக் கவனிக்க வேண்டியதில்லை என்றே படிப்பவர் எண்ணுவார்.

என் விருப்பம் ‘பைண்டிங்’ என்றே எழுதுவது. சி மொழியின் தலைப்புக் கோப்புகளிலிருந்து ரஸ்ட் நிரலைத் தரும் கருவியின் பெயரே ‘பைண்ட்ஜென்’. கம்பைலரின் பிழைச்செய்தியும் ஆவணமும் அச்சொல்லில்தான் இருக்கின்றன. அறிக்கையைப் படிக்கும் நிரலர் அடுத்த நிமிடம் தேடப்போவதும் அச்சொல்லைத்தான். விளங்காத தூய சொல்லால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

மறுமொழி 3

விளங்குவதும் தூயதுமான சொல் ஒன்று இருக்கிறது: தளை.

யாப்பில் தளை என்பது வெறும் ஒட்டு அன்று. நின்ற சீரும் வரும் சீரும் கூடும் விதி. மாமுன் நிரையும் விளமுன் நேரும் வந்தால் இயற்சீர் வெண்டளை. அவ்விடத்தில் வேறு அசை வந்தால் வெண்பாவில் தளை தட்டும். வகைச் சரிபார்ப்பு செய்வதும் இதையே அல்லவா? ஸ்கீமாவில் நின்ற வகைக்கு ரஸ்டில் வரும் வகை பொருந்த வேண்டும். புரோட்டோகால் பஃபர்கள் என்னும் தரவு வடிவத்துக்கு ரஸ்ட் நிரல் தரும் ‘புரோஸ்ட்’ என்னும் கருவி, எனம் வகைப் புலத்தை (பெயரிட்ட சில மதிப்புகளுள் ஒன்றைக் கொள்வது) 32 பிட் முழு எண்ணாகவே வைத்திருப்பதற்குக் காரணம், எதிர்முனை நாளை நாம் அறியாத மதிப்பொன்றை அனுப்பினாலும் அது தொலையாமல் இருக்க வேண்டும் என்பதே. வரும் சீரை முன்கூட்டி அறிய முடியாத இடத்தில் தளையைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தளைக்கு வினை இருக்கிறது. ‘இப்புலத்தில் தளை தட்டுகிறது’ என்று 3 சொற்களில் பிழையைச் சொல்லிவிடலாம். பெயரை மட்டும் தந்து வினையைத் தராத கலைச்சொல் கட்டுரைக்கு உதவும், சீராய்வுக்கு உதவாது.

மறுமொழி 4

யாப்பறிந்த நண்பரின் விளக்கம் அழகானது. ஆனால் தளை என்றால் விலங்கு என்பதே பெரும்பாலோர் முதலில் கொள்ளும் பொருள். கட்டற்ற மென்பொருளைத் ‘தளையறு மென்பொருள்’ என்று எழுதும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. உரிமப் பகுதியில் ‘தளையறு உரிமம்’ என்றும் அடுத்த பத்தியில் ‘இக்கருவி தளைகளைப் பிறப்பிக்கிறது’ என்றும் ஒரே அறிக்கையில் எழுத முடியாது.

‘பிணைநிரல்’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை ஆதலால் பிணைத்த, பிணைக்கின்ற, பிணைக்கும் நிரல் என்று முக்காலத்துக்கும் பொருந்தும். ‘லெட்’டுக்குப் பிணைப்பு, இதற்குப் பிணைநிரல் என்று வேறுபாடும் தெளிவாகிறது. பிணை என்பதற்கு ஈடு என்னும் பொருளும் உண்டு என்று ஒருவர் தனிமடலில் தயங்கினார். அதை நான் குறையாகக் கருதவில்லை. தரவு ஸ்கீமாவுக்கு மாறாது என்பதற்கு இந்நிரல்தானே பிணை நிற்கிறது?

மறுமொழி 5

முதல் மடலை எழுதியவன். இதுவரை பிணைநிரலுக்கு 5 பேரும், பைண்டிங்குக்கு 3 பேரும், தளைக்கு 2 பேரும், சாரியைக்கு ஒருவரும் இசைவு தெரிவித்திருக்கிறார்கள். அறிக்கையில் பிணைநிரல் என்று எழுதுகிறேன். முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘பைண்டிங் எனப்படும் பிணைநிரல்’ என்று விரித்து, தேடுபவருக்கு வழி விடுகிறேன். பழைய வாக்கியம் இப்போது “பிறந்த பிணைநிரலில் சில பிணைப்புகள் பயன்படாமல் கிடக்கின்றன” என்று நிற்கிறது. குறைந்தது இது படிக்க வருகிறது.

மறுமொழி 6

பெரும்பான்மையை ஏற்கிறேன், ஆனால் உடன்படவில்லை. ஏழாம் பக்கத்தில் ஸ்கீமாவின் வகையும் ரஸ்டின் வகையும் பொருந்தாத 4 புலங்களைப் பற்றி எழுதும்போது பிணைநிரல் என்ன செய்கிறது என்று எழுதுவீர்கள்? ‘பிணைநிரலில் வகைப் பொருத்தமின்மை காணப்படுகிறது’ என்றா? அவ்விடத்திலாவது ‘தளை தட்டுகிறது’ என்று எழுதுங்கள்.