தேர்வு பயம், மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸைச் சுருக்குமா? ஆதாரத்தைக் காட்டுங்கள்

கார்முகில்:
"ஒரு தேர்வு பயம் போதும், பிள்ளையின் ஹிப்போகாம்பஸ் சுருங்கிவிடும், போன நினைவாற்றல் திரும்பாது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பெற்றோரை ஏன் இப்படி மிரட்ட வேண்டும்? 2002-இல் கில்பர்ட்சன் குழு வியட்நாம் போர் வீரர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டையர்களையும் ஒப்பிட்டது. போர் அதிர்ச்சியிலிருந்து மீளாதவருக்கு ஹிப்போகாம்பஸ் சிறியது. வீட்டிலிருந்த சகோதரருக்கும் சிறியது! அப்புறம் சுருக்கியது எது?

வெண்பனி:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். எலிகளை 3 வாரம், தினமும் 6 மணி நேரம் அசையவிடாமல் வைத்தால் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் குட்டையாகின்றன. நரம்பியல் ஆய்வாளர் புரூஸ் மெக்யூவனின் ஆய்வகம் 1990களிலேயே காட்டியது. உலகத்துக்கே போதுமான ஆதாரம் உங்களுக்கு மட்டும் போதவில்லை.

கார்முகில்:
மனிதரைப் பற்றிக் கேட்டால் எலி வருகிறது. சரி, எலியையே எடுத்துக்கொள்வோம். அழுத்தம் நின்றதும் அந்தக் கிளைகள் மறுபடி வளர்ந்தன. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். இரட்டையர் ஆய்வுக்குப் பதில் எங்கே?

மருதன்:
மனித ஆதாரம் இருக்கிறது. குஷிங் நோயில் உடலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அளவு மீறிச் சுரக்கும். சிகிச்சைக்குப் பின் கார்டிசால் குறைந்தபோது அந்த நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் பருமன் கூடியதை 1999-இல் ஸ்டார்க்மன் குழு பதிவு செய்தது.

வெண்பனி:
பார்த்தீர்களா, சுருங்குகிறது!

கார்முகில்:
பார்த்தீர்களா, திரும்புகிறது! அதோடு அது நோய். தேர்வு அறை அல்ல. இரட்டையர்?

வெண்பனி:
இரட்டையர், இரட்டையர்... அவர்கள் வளர்ந்த ஆண்கள் ஐயா. நான் பேசுவது வளரும் மூளை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகத்திலேயே விடப்பட்ட குழந்தைகளைவிட வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் முன்னேறினார்கள். 2 வயதுக்குள் போனவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

கார்முகில்:
தேர்விலிருந்து ருமேனியக் காப்பகத்துக்குத் தாவிவிட்டீர்கள். தூக்கம் பற்றிய இழையிலும் இதே வேலைதான். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறு.

வெண்பனி:
அந்த இழையில் கடைசியில் பதில் சொல்லாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தாமரை:
இருவரும் அளவு நாடாவோடு நிற்கிறீர்கள். படித்தது தேர்வில் வராமல், வெளியே வந்ததும் ஞாபகம் வருகிறதே, அதைப் பேசுங்கள். 2000-இல் தெ குவெர்வான் குழு, சோதனைக்கு 1 மணி நேரம் முன்பு உடலில் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்தது. முந்தைய நாள் கற்ற சொற்களை நினைவுகூர்வது குறைந்தது. கற்கும் முன்போ கற்றவுடனோ கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. படித்தது உள்ளேயே இருக்கிறது, எடுக்கும் நேரத்தில்தான் தடை.

கார்முகில்:
நான் சொன்னதும் அதுதானே! எதுவும் சுருங்கவில்லை.

தாமரை:
நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

வெண்பனி:
பிறர் சொன்னதைத் தன்னுடையதாக்குவது இவருக்குப் பழக்கம்.

கார்முகில்:
மூன்றாம் முறை கேட்கிறேன். ஒரே கரு, ஒரே மரபணு, ஒருவர் போரில், ஒருவர் வீட்டில். இருவருக்கும் சிறிய ஹிப்போகாம்பஸ். பதில்?

வெண்பனி:
"திரும்பாது" என்று எழுதியதை நான் மாற்றப்போவதில்லை. தூக்கம் இழைக்கு வாருங்கள், அங்கே உங்கள் பாக்கி இருக்கிறது.