முதல் இழைப்புளி எது: 4-ஆம் நம்பரா, 5-ஆம் நம்பரா?

புதுப்பட்டறை:
பழைய வீடு இடித்த இடத்தில் தேக்கு நிலைச்சட்டங்கள் வாங்கி, மரமில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்தாயிற்று. அகலம் 4 அங்குலம், நீளம் 3 முதல் 4 அடி. ஒரு முக்காலியும் இரண்டு சுவர் அலமாரியும் செய்ய வேண்டும். அபார்ட்மென்ட் என்பதால் மெஷின் சத்தம் ஆகாது. மரத்தைச் சீவி நேராக்க ஒரே ஒரு இழைப்புளிக்கும், அதைத் தீட்டச் சாணைக்கல்லுக்கும்தான் பணம் இருக்கிறது. கடைக்காரர் 4-ஆம் நம்பரை எடுத்துக் காட்டுகிறார். இணையத்தில் 5 என்கிறார்கள், 62 என்கிறார்கள், உள்ளங்கையில் அடங்கும் பிளாக் பிளேன் போதும் என்றும் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

நெடுஞ்சட்டம்:
5 வாங்குங்கள். லெனர்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் இழைப்புளி வடிவத்தை ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கியது. அப்போது வந்த நம்பர் வரிசையைத்தான் இன்றைக்கும் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுகின்றன. அதனால் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் 4 என்றால் ஏறக்குறைய 9½ அங்குலம், 5 என்றால் 14 அங்குலம். இரண்டிலும் பிளேடு 2 அங்குல அகலம்தான். வித்தியாசம் அடிப்பாகத்தின் நீளத்தில் இருக்கிறது.

பலகையில் 10 அங்குல நீளத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். 4 அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி சீவிக்கொண்டு போகும். சுருள் அழகாக வரும், பலகை மட்டும் நேராகாது. 14 அங்குல அடி இரண்டு மேட்டின் மேலும் உட்கார்ந்து, மேட்டை மட்டும் எடுக்கும். இழைப்புளியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு வரை பெரிய சிரமமில்லாமல் நேராக்கலாம் என்பது தச்சர்களின் தோராயக் கணக்கு. உங்கள் பலகை 36 அங்குலம். 5-க்கே அது கொஞ்சம் அதிகம், 4-க்கு ரொம்ப அதிகம்.

சுருள்சீவல்:
நண்பர் சொன்ன கணக்கு சரி, முடிவு சரியில்லை. எங்கே மேடு என்று இழைப்புளிதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதற்கு விட வேண்டும்? 3 அடி அலுமினியப் பட்டையைப் பலகை மேல் நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வையுங்கள். வெளிச்சம் ஒழுகாத இடம் மேடு. அங்கே பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் போகும் வரை அந்த இடத்தை மட்டும் இழையுங்கள். மறுபடி பட்டையை வையுங்கள். இப்படிப் பார்த்து இழைத்தால் 4-ஆலேயே 3 அடிப் பலகை நேராகும்.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். குறைந்த விலையில் வரும் இழைப்புளிகளில் அடிப்பாகம் பெரும்பாலும் முழு நேராக இருக்காது. கண்ணாடி மேல் 80 நம்பர் எமரி தாள் ஒட்டித் தேய்த்துச் சரி செய்ய வேண்டும். 9½ அங்குலத்தைத் தேய்ப்பதும் 14 அங்குலத்தைத் தேய்ப்பதும் ஒன்றல்ல. நீளம் கூடக் கூடக் கோணலும் கூடுதலாக இருக்கும், எடுக்க வேண்டிய இரும்பும் கூடும். நடு வளைந்த 5-ஐ விட நேரான 4 நல்லது. முக்காலிக் கால் 16, 18 அங்குலம்தானே? அதற்கு 4 தாராளம்.

நெடுஞ்சட்டம்:
முக்காலிக்குச் சரி. அலமாரி? 4 அங்குலப் பலகையில் அலமாரித் தட்டு வராது, இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டி 8 அங்குலமாக்க வேண்டும். 3 அடி நீளத்துக்கு இரண்டு விளிம்பும் இடைவெளியில்லாமல் சேர வேண்டும். பென்சில் கிறுக்கி மேடு பார்ப்பது அகலமான முகத்தில் நடக்கும். முக்கால் அங்குலத் தடிமனுள்ள விளிம்பில் 4-ஐ ஓட்டினால், தொடக்கத்தில் இழைப்புளியின் பின்பக்கமும் முடிவில் முன்பக்கமும் சாய்ந்து, பலகையின் இரண்டு முனையும் தாழ்ந்துபோகும். ஒட்டிய பிறகு முனையில் பிளந்துகொள்வது இதனால்தான்.

செய்யும் முறை இது: சேரப்போகும் இரண்டு பலகையையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் வைத்து, விளிம்புகள் சமமாக இருக்கும்படி கிளாம்ப் போடுங்கள். இரண்டு விளிம்பையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை, விரித்து வைக்கும்போது ஒரு பலகையின் சாய்வை மற்றதன் சாய்வு ஈடுகட்டிவிடும். தொடங்கும்போது முன்குமிழில் அழுத்தம், முடிக்கும்போது பின்பிடியில் அழுத்தம்.

அடுத்து, மில் ரம்பத்தின் தழும்பும் முறுக்கும் உள்ள பலகையில் மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். 5-க்கு இரண்டாவது பிளேடு ஒன்று வாங்கி, அதன் முனையை 10 அங்குல, அதாவது 250 மி.மீ. ஆரமுள்ள வளைவாகச் சாணை பிடியுங்கள். 2 அங்குல பிளேடில் மூலைகள் நடுவை விட 1.25 மி.மீ. உள்ளே போயிருக்கும். அரை மி.மீ. ஆழத்துக்கு இறக்கினாலும் மூலை மரத்தைக் கீறாது, ஒன்றரை அங்குல அகலத்துக்குத் தடித்த சீவலாக வரும். மரநார் ஓடும் ரேகைக்குக் குறுக்காகவும் சாய்வாகவும் ஓட்டி மேட்டை எடுத்துவிட்டு, நேரான பிளேடை மாட்டி நீளவாக்கில் முடியுங்கள். ஒரு கருவி, இரண்டு வேலை.

பன்னிரண்டு டிகிரி:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? 62-ஆம் நம்பர் வகை, அதாவது தாழ்கோண ஜாக் வாங்கலாமே. நீளம் அதே 14 அங்குலம். பிளேடு 12 டிகிரியில் படுத்திருக்கும், தீட்டிய சரிவு மேல்பக்கம் பார்த்திருக்கும். 25 டிகிரியில் தீட்டிய பிளேடு போட்டால் வெட்டுக்கோணம் 37. பலகையின் வெட்டுமுனையை இழைக்க இதுதான் சுகம். ரேகை மாறி மாறி ஓடும் மரம் என்றால் 38 டிகிரியில் தீட்டிய இன்னொரு பிளேடு, வெட்டுக்கோணம் 50 ஆகிவிடும். பிளேடின் மேல் திருகும் சிப்பிரேக்கர் தகடு கிடையாது, பிளேடு வெளியே வரும் வாயை முன்னால் இருக்கும் திருகால் திறந்து மூடலாம். ஆரம்பக்காரர் சரிபார்க்க வேண்டிய பாகங்கள் பாதிதான்.

சுருள்சீவல்:
பாகம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடுஞ்சட்டம் சொன்ன வளைவு பிளேடை அதில் போட்டுப் பாருங்கள். 45 டிகிரியில் நிற்கும் பிளேடின் வளைவு, மரத்துக்கு வரும்போது பத்தில் ஏழு பங்காகத் தெரியும். 12 டிகிரியில் படுத்த பிளேடில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே பலன் வேண்டுமென்றால் மூன்று மடங்குக்கு மேல் வளைவு கொடுக்க வேண்டும். தடித்த பிளேடில் அவ்வளவு இரும்பைக் கையால் தேய்த்து எடுப்பது ஆரம்பக்காரருக்கு ஆகிற காரியமா?

பன்னிரண்டு டிகிரி:
சாணை இயந்திரத்தில் கொடுத்து ஒருமுறை வளைவு போட்டுவிட்டால் பிறகு தீட்டுவது மட்டும்தானே.

சுருள்சீவல்:
இயந்திரத்தில் அவசரப்பட்டால் முனை நீலமாகி இரும்பின் பதம் போய்விடும். அதைவிட முக்கியம், சிப்பிரேக்கர் இல்லாததைக் குறை என்றுதான் நான் சொல்வேன். 4, 5 மாதிரி சாதா பெய்லி இழைப்புளியில் சிப்பிரேக்கரின் விளிம்பைப் பிளேடு முனையிலிருந்து 0.2 மி.மீ. தூரத்தில் வையுங்கள். தலைமுடி இரண்டு மூன்று சேர்ந்த அளவு. அதன் முன்விளிம்பை 50 டிகிரிக்குக் குறையாமல் தேய்த்திருக்க வேண்டும். சீவல் எழும்பியதும் அதில் முட்டி முன்னோக்கி மடங்கும், மரநார் பிளேடுக்கு முன்னால் பிளந்து பிய்வதற்கு இடமில்லாமல் போகும். வேம்பு மாதிரி எதிர்ரேகை மரத்தில்கூட இது வேலை செய்யும். சரியாக வைத்தால் சீவல் சுருளாமல் நேராக வாயிலிருந்து எழும்பி வரும். அதுதான் அடையாளம்.

புதுப்பட்டறை:
நண்பரிடம் இரவல் வாங்கிய ஒன்றில் இப்படி வைத்துப் பார்த்தால் சீவல் வாயில் அடைத்துக்கொள்கிறது. குச்சியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது.

சுருள்சீவல்:
அடைப்புக்கு இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, சிப்பிரேக்கருக்கும் பிளேடுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இரண்டையும் சேர்த்துத் திருகி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் சிப்பிரேக்கரின் அடிவிளிம்பைக் கல்லில் வைத்து, பின்பக்கத்தைக் கல்லின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துத் தேயுங்கள். முனை மட்டும் பிளேடைத் தொட வேண்டும். இரண்டாவது, வாய் மிகக் குறுகலாக இருப்பது. சிப்பிரேக்கரைக் கிட்டே வைத்தால் வாயைக் குறுக்கத் தேவையில்லை. பிளேடைத் தாங்கும் ஃபிராகைப் பின்னுக்கு இழுத்து, வாயின் பின்விளிம்புச் சரிவோடு சமமாக நிறுத்திவிடுங்கள்.

மரக்கட்டை:
எல்லாரும் இரும்பையே பேசுறீங்க. நம்ம ஊர்ல ஆசாரிமார் காலங்காலமா மர இழைப்புளியிலதான் கதவு, ஜன்னல் எல்லாம் செஞ்சாங்க. கட்டை, பிளேடு, ஆப்பு, அவ்வளவுதான். விலை இரும்பு இழைப்புளியை விடக் குறைவு. இரும்பை விட லேசு, மரத்து மேல மரம் வழுக்கிட்டுப் போகும். பிளேடு தலையில தட்டினா இறங்கும், கட்டையோட பின்முனையில தட்டினா ஏறும், பக்கவாட்டுல தட்டினா கோணல் சரியாகும். தட்டின பிறகு ஆப்பை ஒரு தட்டு தட்டி இறுக்கிடணும். அடி கோணினா, இன்னொரு இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழைச்சா நேராயிடும். இதுல 80 நம்பர் தாள், கண்ணாடி எதுவும் வேண்டாம்ங்க.

நெடுஞ்சட்டம்:
அண்ணே, முரட்டு இழைப்புக்கு மர இழைப்புளி அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் இவரிடம் இருக்கப்போவது ஒன்றே ஒன்று. அடி கோணினால் நேராக்க அந்த இன்னொரு இழைப்புளிக்கு இவர் எங்கே போவார்? மழைக்காலத்தில் கட்டை ஈரம் குடித்து அசையும். தட்டுகிற பழக்கம் கைக்கு வரும் வரை சீவலின் தடிமன் நிலைக்காது. திருகு இருந்தால் கால் சுற்று, அரைச் சுற்று என்று என்ன மாறியது என்பது தெரியும். சொல்லிக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தால் மரம், தனியாகக் கற்றால் இரும்பு.

மரக்கட்டை:
ஆள் பக்கத்துலதான் இருக்காங்க. எந்தத் தெருவுல ஆசாரி இல்ல? ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேட்டா தட்டுற பக்குவத்தைக் காட்டிடுவாங்க.

மூலைமட்டம்:
எந்த நம்பர் என்றாலும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகும்போது ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் எடுத்துப் போங்கள். பிளேடை உள்ளே இழுத்துக்கொண்டு, ஸ்கேலை அடிமேல் நிறுத்திப் பாருங்கள். மூக்கு எனும் முன்முனை, வாயின் முன்விளிம்பு, வால் எனும் பின்முனை, இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வாய் முன்விளிம்பில் 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் அந்த இழைப்புளியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். இடையில் மற்ற இடங்களில் பள்ளம் இருந்தால் பாதகமில்லை. வீட்டில் தேய்க்க நேர்ந்தால் பிளேடை மாட்டி, பிளேடை அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பை வழக்கம்போல் இறுக்கிவிட்டுத் தேயுங்கள். அந்த இறுக்கத்தில் அடி லேசாக வளையும், கழற்றிவிட்டுத் தேய்த்தால் மாட்டியதும் மறுபடி கோணும்.

இரண்டாவது, கல். புதுப் பிளேடு அப்படியே வேலைக்கு ஆகாது. முதலில் பின்பக்கத்தில் முனையை ஒட்டிய அரை அங்குலத்தை 1000 நம்பர் கல்லில் கண்ணாடிபோல் சமமாக்குங்கள். பிறகு தீட்டும்போது கோணம் மாறாமல் பிளேடைப் பக்கவாட்டில் பிடிக்கும் சாதாரண ஹோனிங் கைடில் பிளேடு 38 மி.மீ. வெளியே நீண்டால் 30 டிகிரி, 50 மி.மீ. நீண்டால் 25. ஒரு மரத்துண்டில் 38-க்கு ஒரு கட்டை ஒட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். முனை முழுக்கப் பின்பக்கம் விரலில் பிசிறு தட்டும் வரை 1000 நம்பர் கல், பிறகு 6000 நம்பர் கல், கடைசியில் பின்பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை எடுப்பது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். தள்ளுவதற்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டால் உடனே கல்லுக்குப் போங்கள், பிளேடைக் கீழே இறக்காதீர்கள். ஆரம்பக்காரர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

புதுப்பட்டறை:
அலமாரி இருப்பதால் 5-க்குப் போகிறேன். அடி நேராகக் கிடைக்கவில்லையென்றால் 4. இரண்டாவது பிளேடை முதல் நாளே வாங்க வேண்டுமா?

சுருள்சீவல்:
இன்னும் 4-தான் என் கட்சி. 5 என்று முடிவானபின் சொல்கிறேன், பிளேடைக் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள், அதே கம்பெனியின் பிளேடாக இருந்தால் சிப்பிரேக்கர் திருகும் திருகுத் துளையும் பொருந்தும். நேரான பிளேடின் இரண்டு மூலையையும் தீட்டும்போது விரலால் அழுத்தி நாலைந்து இழுப்பு கூடுதலாகத் தேயுங்கள். இல்லாவிட்டால் மூலை பலகையில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

மூலைமட்டம்:
நிலைச்சட்டம் என்றதால் ஒன்று. அறுத்த பிறகும் உள்ளே உடைந்த ஆணி நிற்கும். இழைக்கும் முன் பலகை முழுவதும் ஒரு பலமான காந்தத்தை ஓட்டுங்கள், தேக்கில் கருநீலக் கறை தெரியும் இடத்தை இரண்டு தடவை பாருங்கள், இரும்புக்கும் தேக்குக்கும் சேர்ந்து அப்படி நிறம் வரும். வெளிமுகத்தில் பழைய பெயின்ட் மிச்சமிருந்தால் எமரி தாள் போடாதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டி, அந்தத் தூளைத் தனியாகக் கட்டிப் போடுங்கள். அடிப்பாகத்தில் அவ்வப்போது மெழுகுவத்தியால் இரண்டு கோடு இழுத்துக்கொண்டால் தள்ளுவதில் பாதிப் பலம் மிச்சம்.