கோபுரம் தெரிந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது? அனுபவங்களைப் பகிருங்கள்

மாசிவீதி
மதுரை தெற்குக் கோபுரம். மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கட்டடம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். உறுத்துவது அதை மீறாத ஒரு விளம்பரப் பலகை. ஜவுளிக்கடை முதல் மாடியிலிருந்து சாலைப் பக்கம் நீட்டிய இரும்புச் சட்டம். பிளெக்ஸை இழுத்துக் கட்டிய அந்த நிமிடமே கலசம் வரை காணோம்; தெருக்கோடியில் பட்டுப்புடவைதான் நிற்கிறது.

கணக்கு எளிது. கண் மட்டம் 1.5 மீ., கோபுரம் சுமார் 52 மீ., நிற்பவர் 600 மீ. தள்ளி, பலகை அவருக்கு 30 மீ. முன்னால். 50.5 × 30 ÷ 600 = 2.5, கண் மட்டத்தையும் சேர்த்தால் 4 மீ. அவ்வளவு உயரம் போதும், முழுக் கோபுரமும் போச்சு. 9 மீட்டர் கட்டடம்கூட பார்வைக் கோட்டில், பார்ப்பவருக்கு 89 மீட்டருக்குள் வந்தால் இதே கதிதான். உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நீட்டுவதை விட்டுவிட்டோம்.

பெருவுடையார்தாசன்
கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் தொல்லியல் துறைக்கு எழுதலாமே அண்ணே?

வரைபடம்
அது தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சரி தம்பி, மதுரைக்குப் பொருந்தாது. மீனாட்சி கோயில் மத்திய தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லை. 1 கி.மீ. ஆர வட்டத்துக்கான 9 மீட்டர் வரம்பு கட்டட விதிகளில் வருவது. மாநகராட்சிக்கும் உள்ளூர் திட்டக் குழுமத்துக்கும் எழுதுங்கள்.

பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு 2010 திருத்தச் சட்டம்: முதல் 100 மீ. தடை, அடுத்த 200 மீ. கட்டுப்பாடு. பலர் சறுக்குவது அளக்கும் இடத்தில். நாடாவை விமானத்தின் அடியில் பிடிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கோட்டிலிருந்து பிடிக்க வேண்டும். தடைப் பகுதியில் புதுக்கட்டடம் கிடையாது. பழுது பார்க்க அனுமதி கேட்கலாம், ஆனால் கட்டடம் 16.6.1992க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். பழைய வரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது உயரம். கட்டுப்பாட்டுப் பகுதியில் கட்ட வாங்கும் தடையின்மைச் சான்றில் (NOC) வரும் மொத்த உயரத்தில் ஹெட்ரூம் (மொட்டைமாடிப் படிக்கட்டின் மேல்கூடு), கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடக்கம். 12 மீ. கிடைத்தது என்று தளம் வரை 12 மீ. போட்டு, அதன்மேல் 2.5 மீ. ஹெட்ரூம், 1.5 மீ. தொட்டி வைத்தால் 16 ஆகிவிடும். தொட்டி வரை அளவு குறிக்காத வரைபடத்தை ஏற்கவே கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேம்ஸ்கரை
எல்லோரும் முன்னால் மறைப்பதையே பேசுகிறீர்கள். பின்னால் முளைப்பதும் கெடுக்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு 1937 முதல் சுற்றுப்புற உயர வரம்பு உண்டு. ரிச்மண்ட் பூங்கா மேட்டிலிருந்து சுமார் 16 கி.மீ. தாண்டி, மர இடைவெளி வழியே அந்தக் குவிமாடம் தெரியும். 2016இல் அதற்குப் பல கிலோமீட்டர் பின்னால், ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம் குவிமாடத்தோடு ஒட்டி நின்றது. முன்பக்கம் எதுவுமே மறைக்கவில்லை, ஆனால் குவிமாடத்தின் விளிம்பு வானத்தில் தனித்துத் தெரிவது போய்விட்டது.

மாசிவீதி
மதுரைக்கும் அதே ஆபத்து. 2 கி.மீ. தள்ளிப் பார்ப்பவருக்கு, வட்டத்துக்குச் சற்று வெளியே, கோபுரத்துக்கு 1.1 கி.மீ. பின்னால் 40 மீ. கட்டடம் வந்தால் பாதிக் கோபுர உயரத்துக்கு நிற்கும். ஆட்சேபம் எழுதுவோர் நின்ற இடம், கண் மட்டம், லென்ஸ் அளவு, தேதி குறித்த படத்தோடு எழுதுங்கள். ஜூம் செய்த படத்தை முதலிலேயே தள்ளிவிடுவார்கள்.