புதுப்பிப்பு: கண் வீங்கிய ஆமை தேறி வருகிறது

எங்கள் செங்காது ஆமையின் இரண்டு கண்களும் வீங்கி மூடிவிட்டன, எதையும் சாப்பிடவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். நேற்று காலை இடது கண் முழுதாகத் திறந்துவிட்டது!

சொட்டு மருந்து வாங்கக் கிளம்பிய என்னை டாக்டரிடம் போகச் சொன்னவருக்குத் தனி நன்றி. வைட்டமின் ஏ குறைவாம். இரண்டு வருடமாகக் காய்ந்த இறால் மட்டுமே போட்டு வந்தேன், தப்பு என்னுடையதுதான். டாக்டர் ஊசி போட்டார். அந்த வைட்டமினை நாமாகக் கொடுக்கக் கூடாது, அளவு மிஞ்சினால் தோல் உரிந்துவிடும் என்றார்.

இப்போது ஆமைத் தீவனத்தோடு துருவிய கேரட், கங்கோங் (வள்ளைக் கீரை). பினாங்கு கெக் லோக் சி புத்தர் கோயில் குளத்து ஆமைகளுக்குப் போடுவார்களே, அதே கீரைதான். முதல் நாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நான்காம் நாள் தண்டைக் கவ்விக்கொண்டு, முன்னங்கால் நகத்தால் கிழித்துக் கிழித்துத் தின்றது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

சன்னலோர வெயில் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். போதாது, ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தினமும் காலையில் பால்கனியில் அரை மணி நேரம் வைக்கிறேன், பாதித் தொட்டிக்கு நிழல் விட்டு.

அப்புறம், கோயில் குளத்தில் விட்டுவிடலாமே என்றவருக்கு: நோயோடு விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கும் ஆபத்து. இது எங்களோடுதான் இருக்கும்.

வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போகிறோம்.