கடல் உயிரியல் படிக்கலாமா? கண்டுபிடிப்பு நிறைய, வேலை எங்கே?

நீலாம்பல்:
பள்ளிப் படிப்பு முடியப் போகுது. கடல் உயிரியல் எடுக்கணும்னு ஆசை. வீட்டுல "அதைப் படிச்சா வேலை எங்கே இருக்கு?"ன்னு ஒரே கேள்வி. கொலாசல் ஸ்குவிட்னு ஒரு ராட்சதக் கணவாய். 1925லயே பேர் வச்சாச்சு, ஆனா அது வாழுற இடத்துலயே உயிரோட படம் எடுத்தது 2025 மார்ச்லதான். நூறு வருஷம்! தேட இவ்வளவு மிச்சம் இருக்கிற துறையில வேலை இல்லாம எப்படிப் போகும்?

சுறாமுள்:
தங்கச்சி, அந்தப் படத்தை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 600 மீட்டர் ஆழத்துல முப்பது சென்டிமீட்டர் குட்டி, உடம்பு கண்ணாடி மாதிரி. ஆனா தேட மிச்சம் இருக்குங்கிறது வேற, தேடுறவங்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்குங்கிறது வேற. நான் முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. மூணு ஒப்பந்த வேலை, மூணு ஊர். கடைசியா இருந்த ஆய்வுக்கூடத்துல திட்டப் பணம் தீர்ந்த அன்னைக்கு, ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து என் புழுக்குப்பிகளுக்கெல்லாம் புதுசா லேபிள் எழுதி ஒட்டினேன், அடுத்து வர்றவங்களுக்குப் புரியணும்னு. அடுத்து யாரும் வரலை.

மீகாமன்:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் பல்கலைக்கழகப் பதவி ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். நான் பார்ப்பது சுற்றுச்சூழல் டிஎன்ஏ வேலை. ஒரு லிட்டர் கடல்நீரை வடிகட்டினால் வடிதாளில் லேசான பழுப்புக் கறை தங்கும். மீன் உதிர்த்த செதில், சளி, கழிவு எல்லாம் அதில்தான். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அந்தப் பக்கம் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று சொல்லலாம். இதற்குப் பணம் தருவது காற்றாலை நிறுவுபவர்கள், துறைமுகம் கட்டுபவர்கள், கடலடியில் கேபிள் பதிப்பவர்கள். மீன் வளர்ப்பையும் பாருங்கள். உலகின் நீர்வாழ் விலங்கு உற்பத்தியில் வளர்ப்பு, பிடிப்பை முதன்முதலில் முந்தியது 2022இல், 51 சதவீதம். நோய் பார்க்க, குஞ்சு பொரிப்பகம் நடத்த ஆட்கள் வேண்டாமா? உயர்கடல் ஒப்பந்தமும் 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலிலும், சூழலைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய வேலைக்கு முன் இனி சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்தாக வேண்டும்.

சுறாமுள்:
வடிதாள்ல டிஎன்ஏ கிடைக்குது, சரி. அது எந்த உயிரோடதுன்னு எதை வச்சுச் சொல்லுவீங்க? யாரோ ஒருத்தர் அந்த உயிரைப் பிடிச்சு, அறுத்துப் பார்த்து, பேர் வச்சு, தரவுத்தளத்துல ஏத்தியிருக்கணும். பசிபிக்ல கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதி இருக்கே, கனிமம் தோண்டக் கண் வச்சிருக்கிற இடம். அங்க இதுவரை கிடைச்ச 5,578 இனங்கள்ல ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு இன்னும் பேரே இல்லைன்னு 2023ல வந்த ஆய்வு மதிப்பிடுது. இப்படி உயிர்களை இனம் பிரிச்சுப் பேர் வைக்கிற வகைப்பாட்டியல் ஆளுங்க ஓய்வு பெற்றா அந்த நாற்காலியை நிரப்பாம விடுறதை நான் நேர்லயே பார்த்திருக்கேன். மதிப்பீட்டு அறிக்கைக்குப் பணம் இருக்கு, அது நிக்கிற அஸ்திவாரத்துக்கு இல்லை. இதைத்தான் சொல்றேன்.

மீகாமன்:
இதில் உங்களோடு வாதாட எனக்கு ஒன்றுமில்லை. பெயர் தெரியாத டிஎன்ஏ வரிசைகளை "அடையாளம் காணப்படாதவை" என்று ஒரே கட்டத்தில் கொட்டித்தான் அறிக்கை அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் உறுத்தும். ஆனாலும் அந்தப் பெண்ணை "வராதே" என்று சொல்ல மாட்டேன்.

சிப்பி:
நட்சத்திர மீன் கதையைச் சொல்லாம விட்டுட்டீங்க. 2013ல இருந்து வட அமெரிக்காவின் பசிபிக் கரையில நட்சத்திர மீன்கள் கை முறுக்கி, கை கழண்டு, கூழாகி செத்துச்சு. சூரியகாந்தி நட்சத்திர மீன்ல 90 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. அதைத் தின்ன ஆள் இல்லாம கடல் முள்ளெலி பெருகி, கெல்ப் பாசிக்காட்டை மேஞ்சு தீர்த்துச்சு. 2014ல ஒரு வைரஸ் மேல பழி போட்டாங்க, நிக்கலை. 2025 ஆகஸ்ட்லதான் விப்ரியோ பெக்டெனிசிடாங்கிற பாக்டீரியான்னு தெரிஞ்சது. முன்னாடி திசுவையே பார்த்துட்டிருந்தாங்க. இந்த தடவை உடல் குழியில இருக்கிற திரவத்தைப் பார்த்தாங்க. நோயுள்ள திரவத்தை ஆரோக்கியமான நட்சத்திர மீனுக்குச் செலுத்தினா நோய் வருது, சூடாக்கிக் கிருமியைக் கொன்னுட்டுச் செலுத்தினா வரலை. நாலு வருஷ உழைப்பு. இதுக்கு விலங்கைத் தொட்டியில உயிரோட வச்சுக்கத் தெரிஞ்சவங்க, மரபணு வரிசை படிக்கத் தெரிஞ்சவங்க, கணக்குப் போடத் தெரிஞ்சவங்க எல்லாரும் வேணும். நீலாம்பல், இதுல ஒண்ணு உன் கையில இருக்கணும். திமிங்கிலம் பிடிக்கும்னு மட்டும் வந்தவங்கதான் முதல்ல திரும்பிப் போறாங்க.

நீலாம்பல்:
அப்போ புள்ளியியலை முதன்மைப் பாடமா எடுத்து, கடல் உயிரியலைத் துணைப் பாடமா வச்சுக்கலாமா அக்கா? கணக்கு எனக்கு வரும்.

சிப்பி:
தாராளமா. ஆனா விடுமுறையில ஏதாவது ஒரு உயிரைக் கையில எடுத்துப் பார்க்கிற வேலைக்குப் போ. சம்பளம் இல்லாத பயிற்சின்னா வேண்டாம்.

சுறாமுள்:
அந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை சொல்லுவேன். அப்புறம், எந்த ஆய்வுக்கூடத்துல சேர்ந்தாலும் முதல் நாளே ரெண்டு கேள்வி கேளு: திட்டப் பணம் எந்த மாசம் முடியுது? இதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க? பதில் சொல்லத் தயங்கினா வேற இடம் பாரு. புழு பத்தி எப்பவாவது தெரிஞ்சுக்கணும்னா எனக்கு எழுது. குப்பிகளோட பட்டியல் இன்னும் என்கிட்ட இருக்கு.